ஓ ஃபார் ஒயர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் கணபதிப் பகுதியில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வட்டாரத்தில் தண்ணீர் மோட்டார் இல்லாத வீடு கிடையாது. மோட்டார் மக்கர் செய்தால் அவரைத் தேடிப் போகாத வீடும் கிடையாது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டு, உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டித் தருவது அவர் வேலை. மூன்று வீடுகள் ஒட்டியிருந்த லைன் வீட்டில் ஐந்து வருடம் நான் அவருக்கு அடுத்த வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

நான் குடிபோன இரண்டாம் நாள் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தால் அவர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங். உங்க மிக்சியில புஷ்ஷு தேஞ்சுபோச்சுங். இன்னுமொரு நாலு நாளைக்கு ஓடும்."

ஐந்தாம் நாள் மிக்சி நின்றுவிட்டது. அவர் சாபம் கொடுத்து நிறுத்தியது மாதிரி எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடையில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதன் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் பரிசோதனை. மீட்டர் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. "காது இருக்கறப்ப மீட்டரு எதுக்குங்? அது நம்பரத்தான் காட்டும். வலி எங்கிருக்குதுன்னு காட்டாதுங்" என்பார்.

என் வேலையும் ஒரு வகையில் காது வேலைதான். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் திட்டு விழும். அதனால் ஸ்பெல்லிங் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. நடந்த கெடுதலில் பாதிக்கு அந்தக் கொழுப்புதான் காரணம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். அவளை அந்த வருடம் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்கேஜி சேர்த்திருந்தார்கள். அவர் மனைவிக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, சோறு கட்டுவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாவற்றையும் அந்த அம்மா ஷிப்டுக்கு முன்னும் பின்னுமாக முடித்துவிடுவார். அப்பாவுக்கு என்று மிஞ்சியது ஒரே ஒரு வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: நாளைக்கு 'ஷோ அண்ட் டெல்', இன்ன எழுத்து, அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற பொருள் ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்தனுப்பவும். வெள்ளிக்கிழமை குழந்தை அதை வகுப்பில் தூக்கிக் காட்டி இரண்டு வாக்கியம் பேச வேண்டும். அந்தப் பொருளைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

"மத்ததெல்லாம் அவங்கம்மா பாத்துக்கறாங். இது ஒண்ணுதானுங் என்ற சோலி. இதையும் உட்டுப்போட்டா, அப்பறம் அவளுக்கு நான் எதுக்குங், அப்பன்னு?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கடையில் வேறு வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

படம், பொம்மை, பிளாஸ்டிக் எதுவும் அவருக்கு ஆகாது. "நெசமா இருக்கோணுமுங். கையில புடிச்சா கனம் தெரியோணும்." பி என்றால் பேரிங். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றுகிற மாதிரி செய்து கொடுத்தார். எம் என்றால் மேக்னட். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். மொத்த வகுப்பும் சடையில் இருந்த கிளிப்பு, மிஸ்ஸின் சேலையில் இருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி ஒட்டிப் பார்த்ததாம். அன்று பாப்பாவின் படம் குழுவில் வந்தது. அதை அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். என்னிடம் இரண்டு முறை காட்டினார்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். வார்த்தை படிக்க வராது. எழுத்தின் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வார். தனக்குத் தெரிந்த பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். எது ஒத்துப்போகிறதோ அது. அது வரைக்கும் அந்த முறை அவரைக் கைவிடவில்லை.

பிறகு ஓ வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மறு கையில் புதுச் செம்புக் கம்பியில் சுற்றிய வளையம் ஒன்று. நூறு சுற்றாவது இருக்கும். ஒரு கம்பிகூடப் பிசகவில்லை. நான்கு இடத்தில் வெள்ளை நாடா போட்டுக் கட்டியிருந்தார். வெயில் பட்டுத் தங்கம் மாதிரி இருந்தது.

"பாத்தீங்ளா அம்மிணி? ஓ-வுக்கு ஒயருங். பேரும் ஓ, உருவமும் ஓ!"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒயர் டபிள்யூவில் ஆரம்பிக்கிறது. ஆனால் நம்மில் யார் அதை 'வயர்' என்கிறோம்? ஒயர்கூடை, ஒயர்மேன், ஒயிண்டிங், ஒயிட் சிமெண்ட். அவர் நாள் முழுக்கப் புழங்குகிற சொல் எல்லாமே ஓ-வில்தான் ஆரம்பிக்கிறது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வளையத்தைப் பார்த்தேன். பாப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "நல்லா இருக்குங்ணா" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பாப்பா வளையத்தைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். 'ஓ ஃபார் ஒயர்' என்று சத்தமாகச் சொன்னாளாம். மிஸ் சிரித்தார்களாம். அடுத்த வகுப்பு மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்ல வைத்தார்களாம். இவளும் சொன்னாளாம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நாலு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எப்படிப் புரியும்?

அவர் என் வாசலுக்கு வந்தார். "டபிள்யூவாமுங்களே?"

"ஆமாங்ணா."

"டபிள்யூங்கறதுல 'ட' தானுங் கேக்குது? ஒயருக்கும் அதுக்கும் என்னங் சம்பந்தம்?"

திரும்பிப் போக ஓரடி வைத்தார். பிறகு, "காத்தால பாத்தப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியுங்ணா."

"சொல்லியிருக்கலாமுங்களே."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அந்த 'ங்களே' ஒரு வாரம் என் காதிலேயே இருந்தது. இனிமேல் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் அடுத்த கெடுதல்.

அதன்பின் வியாழக்கிழமைதோறும் ஆறு மணிக்கு அவர் பொருளோடு என் வாசலுக்கு வருவார். நான் பார்த்துச் சரி, தப்பு சொல்ல வேண்டும். ஆர் வந்த வாரம் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"எழுத்துப் பேரே இதுல முழுசா இருக்குதுங்களே. ஆர், ஆரஞ்சு!"

"இல்லீங்ணா. ஆரஞ்சுக்கு ஓ."

அவர் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓ-வுல ஒயரு வராது. ஆனா ஆரஞ்சு வருமுங்ளா?"

"ஆமாங்ணா."

"ரெண்டு பேஸ் கனெக்சன மாத்திக் குடுத்த மோட்டராட்ட, எல்லாமே ரிவர்ஸ்ல ஓடுதுங் இந்த இங்கிலீசு" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். கத்திக்கு இங்கிலீஷில் முதலில் கே எழுதிவிட்டு அதை வாயால் சொல்லாமல் விடுவார்கள் என்று நான் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "சொல்லாததுக்கு எதுக்குங் எழுதறாங்?" என்று நெசமாகவே வெசனப்பட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் எழுதினேனா அதை?

அந்த வியாழக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கே மோட்டார் பார்க்கிற மனிதர் என் வாசலில் நின்று என் வாயைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் பொருளைத் தள்ளிவிட்டு என் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கவும் ஆரம்பித்தேன். என் ரிப்பன், என் ஸ்பூன், என் டார்ச். கூடவே நிற்கிற பாப்பா ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை ஒரு தரம், என் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். வகுப்பில் அவள் பேசுவதையும் நிறுத்தியிருந்தாள். பொருளைத் தூக்கிக் காட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள் என்று மிஸ் குறிப்பு அனுப்பியிருந்தார்.

டபிள்யூ வந்த வாரம் நான் ஆசையாகச் சொன்னேன். "அண்ணா, இப்ப அந்த ஒயர் வளையத்தைக் கொண்டுபோகலாங்ணா. இதுதான் அதோட எழுத்து."

அவர் மகளைப் பார்த்தார். பாப்பா வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டவே வேண்டாம். "உடுங் அம்மிணி" என்றார். 'வாட்ச்' என்று என் கைக்கடிகாரம் போனது.

ஒய் வந்த வாரம் எனக்கு வேலை நெருக்கடி. வியாழக்கிழமை கதவைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை சீருடை போட்ட பாப்பாவோடு வந்து நின்றார். அவள் கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு முட்டை.

"பல்லடத்துல மச்சான் பண்ணையிலிருந்து வந்ததுங். வேகவெச்சுப்போட்டேன், ஒடஞ்சாலும் ஒழுகாதுங்கல்ல? இந்த வாரம் பூராவும் இவ 'ய, ய, ய'ன்னு சொல்லிட்டே இருந்தா. காது குடுத்துக் கேட்டனுங். ய-வுக்கு யெக்கு."

யெக்கு. அவர் கேட்டது சரி. நம் ஊரில் அதை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நானும் கடையில் 'யெக் பப்ஸ்' என்றுதான் கேட்பேன். ஒரு வாரம் முழுக்கப் பிள்ளையின் வாயைக் கவனித்துக் கேட்டு, ஒத்துப்போகிற ஒரே பொருளைக் கண்டுபிடித்து, வேகவைத்து, பஞ்சில் பொதிந்து கொண்டுவந்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? பிள்ளையின் முன்னாலேயே, அதுவும் வேன் வருகிற அவசரத்தில், "ஐயோ அண்ணா, எக்குக்கு ஈ! ஒய் இல்ல!" என்றேன்.

பாப்பா டம்ளருக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தாள். அவர் கையில் திரும்ப வைத்தாள். டம்ளரையும் கொடுத்தாள். வேன் ஹாரன் அடித்தது. நான் உள்ளே ஓடிக் கைக்குக் கிடைத்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து வந்து, "யெல்லோன்னு சொல்லு கண்ணு" என்று பையில் திணித்தேன். வேன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் அம்மா மில்லில் நாள் முழுக்க ஓட்டுவதே நூல்தான், ஒய்-யில் ஆரம்பிக்கிற 'யார்ன்'. அவர்கள் வீட்டிலேயே நூல் கோன் இரண்டு கிடக்கிறது. பெரியவர்கள் மூன்று பேரும் படித்தும் படிக்காமலும் என்ன பிரயோஜனம்! அவர் முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார்.

கடைசி எழுத்து இசட். அந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து வகுப்பில் உட்காரலாம் என்று செய்தி வந்திருந்தது. வியாழக்கிழமை அவர் வந்தபோது முகத்தில் பழைய தெம்பு இருந்தது. தையல்கடையில் வாங்கிய ஒரு முழ நீளச் சிவப்பு ஜிப். தடங்கலில்லாமல் ஓட மெழுகுவத்தியைத் தேய்த்திருந்தார்.

"ஜிப்புங் அம்மிணி. காதுக்கு ஜே-ன்னுதான் வருது. காதுக்கு வந்தா அது இருக்காது, இது எனக்கு இப்பப் புரிஞ்சுபோச்சுங். அப்பிடீன்னா இசட்டாத்தான் இருக்கோணும். செரிங்ளா?"

"சரிங்ணா! நூத்துக்கு நூறு சரி!"

அந்த மனிதர் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை நான் எந்த மோட்டார் ஓடியபோதும் பார்த்ததில்லை. ஜிப்பைத் திறந்து, மூடி, திறந்து காட்டினார். "வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிருக்கறனுங். கடைக்கு லீவு" என்றார்.

பாப்பா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, நாளைக்கு நீங்க வாங்க. அப்பா வேண்டாம். மிஸ் கேட்டா அப்பா தப்புத்தப்பாச் சொல்லுவாங்க."

அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் "அப்பாதான் கண்ணு வருவாரு" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது.

"அதுவுஞ் செரிதானுங்" என்றார் அவர். "மிஸ்ஸு இங்கிலீசுல ஏதாச்சுங் கேட்டாங்கன்னா நான் என்னத்தச் சொல்றதுங்? நீங்க ஒரெட்டு போய்ட்டு வந்துருங் அம்மிணி. அவ பேசோணும், அதானுங்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். பாப்பா எழுந்தாள். ஜிப்பை உயர்த்திப் பிடித்தாள். "இசட் ஃபார் ஜிப். இட் ஓபன்ஸ். இட் குளோசஸ்" என்று கணீரென்று சொன்னாள். மாதக்கணக்கில் வராத குரல். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிஸ் குனிந்து, யார் இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். "ஆன்ட்டி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் பிள்ளை பொய் சொன்னதாக ஆகும். இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். சிரித்துவைத்தேன். மிஸ் எனக்கும் ஒருமுறை கை தட்டச் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடையைத் திறந்திருக்கவில்லை. பாப்பா ஷூவைக் கழற்ற உள்ளே ஓடினாள்.

"பேசுனாளாங்?"

"பேசுனாங்ணா. கணீர்னு பேசுனா. எல்லாரும் கை தட்டுனாங்க."

"ஆருங் எடுத்துக் குடுத்ததுன்னு மிஸ்ஸு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னங் சொன்னா?"

"மை ஃபாதர்னு சொன்னா" என்றேன்.

அவர் உதடு அசைந்தது. "இன்னொருக்காச் சொல்லுங்."

"மை ஃபாதர்."

"மை பாதர்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரமும் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "பாதருங்கறது பி-யில ஆரம்பிக்குதுங்ளா அம்மிணி?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. எத்தனையோ வியாழக்கிழமை திருத்தியாயிற்று. "ஆமாங்ணா, பி-தான்" என்றேன்.

உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் வந்தது. வகுப்பில் கேட்ட அதே கணீர்க் குரல். "எஃப்-ப்பா! ஃபாதருக்கு எஃப்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தேன். ஒரு பொய் பிடிபட்டதும் அதற்கு முன்னால் சொன்னதும் சேர்ந்தே பிடிபட்டுவிட்டது. எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் கதவை நன்றாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"வெய்யல்ல வந்திருக்கறீங். உள்ள வாங் அம்மிணி, ஒரு டம்ளரு மோரு குடிச்சுப்போட்டுப் போங்" என்றார்.